மிதிவண்டிக் கடைக்கு ஓர் இலச்சினை
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

மிதிவண்டிக் கடை ஒன்றுக்கு அதன் குணத்திற்கு ஏற்ற இலச்சினை அமைப்பது எவ்வாறு என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். விழா மேடைக்கு இது சிறு பொருள் எனத் தோன்றலாம். ஆயினும், பிறந்த மண்ணைவிட்டு வந்து வாழும் நாம், இவ்வூராருக்கு நம்மை எவ்வாறு அறிமுகப்படுத்திக்கொள்வது என்னும் பெரிய வினா இதனுள் அடங்கியிருக்கிறது.

இலச்சினை நமக்குப் புதியதன்று. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல் என வகுத்துக்கொண்ட மரபு நம்முடையது. கொடியிலும் காசிலும் அவ்வுருவைக் கண்ட அளவிலே, எழுத்தறியாதவனும் அது யாருடைய ஆணை என்பதை அறிந்துகொண்டான். 1951-52ஆம் ஆண்டுகளில் நடந்த முதற் பொதுத்தேர்தலிலும் எழுத்தறியாத கோடிக்கணக்கான மக்களுக்குச் சின்னங்களே துணை நின்றன.

மிதிவண்டி செய்வோரும் இதனை நன்குணர்ந்திருந்தனர். வண்டியின் கழுத்தில், கைப்பிடிக்குக் கீழே பதித்த சிறு தகட்டை நினைத்துப் பாருங்கள். பி.எஸ்.ஏ. நிறுவனத்தை 1861இல் பர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளர்கள் தொடங்கினர். பின்னர் மிதிவண்டி செய்தபோதும், சார்த்தி நிறுத்திய மூன்று துப்பாக்கிகளே அவர்தம் சின்னம். துப்பாக்கி செய்த கையின் நுட்பம் இவ்வண்டியிலும் உண்டு என்று அது சொல்லாமற் சொல்லிற்று. சோனிப்பத்தில் 1951இல் தோன்றிய அட்லஸ் நிறுவனமோ, உலக உருண்டையைத் தோளில் தாங்கும் வீரனைத் தன் சின்னமாகக் கொண்டது. எத்துணைப் பாரமும் தாங்கும் என்பது அதன் பொருள். அந்நிறுவனத்தின் சாகிபாபாத் ஆலை 2020இல் நின்றுபோயிற்று. சின்னம் தொழிலைத் தாங்குவதில்லை. தொழில்தான் சின்னத்தைத் தாங்குகிறது.

பெருநிறுவனங்கள் கிடக்கட்டும், சிறு கடை ஒன்றைப் பார்ப்போம். அமெரிக்காவின் டேட்டன் நகரில் ரைட் சகோதரர்கள் 1892இல் மிதிவண்டிக் கடை வைத்தனர். 1896இல் தாமே வண்டி செய்யத் தொடங்கியபோது, ஒரு வகைக்கு ‘வான் கிளீவ்’ என்று பெயரிட்டனர். அது டேட்டனில் முதன்முதல் குடியேறியோருள் இடம்பெற்ற அவர்தம் முன்னோரின் குடும்பப் பெயர். வந்தேறிய குடியின் பெயரே அவ்வூருக்கு உரிய பெயராகிவிட்டது! அக்கடை தந்த வருவாயே பின்னர் வானூர்தி ஆராய்ச்சிக்கும் உதவிற்று.

இனி நம் ஆனேக்கல்லுக்கு வருவோம். சிலர், “கடைப் பலகையில் புலியையோ கயலையோ எழுதுவோம், தமிழர் கடை என்று தெரியட்டும்” என்பர். அவர்தம் பற்றை மதிக்கிறோம். ஆனால் புலியைக் கண்டால் நாம் தமிழர் என்பது தெரியும்; நமக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியுமா என்பது தெரியாது. அத்திப்பள்ளி, ஜிகணி, பொம்மசந்திரா ஆலைகளுக்குச் செல்லும் தொழிலாளி நம்மிடம் தேடி வருவது நம் குலத்தையன்று, நம் கைத்திறனை.

ஆகவே, கடைக்காரர் தம்மையே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். நம்மிடம் வருவோர் யாவர்? எந்த வேலைக்கு நம்மை நாடுகின்றனர்? நாளை நம் கடை மூடிக்கிடந்தால் எதற்காக நம்மைத் தேடுவர்? விடை அதிகாலையிலேயே திறப்பது என்றால் எழுகதிர் பொருந்தும். கோணிய சக்கரத்தை நேராக்குவது என்றால் சக்கரமும் அதன் கம்பியை முறுக்கும் சாவியும் பொருந்தும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காசின்றிக் காற்றடித்துக் கொடுப்பது என்றால் காற்றுப் பம்பே போதும்.

முழு மிதிவண்டியை வரைதல் வேண்டா. அது எல்லாக் கடைகளுக்கும் பொது. சில கட்சிகளுக்குத் தேர்தல் சின்னமும் ஆகும். பழைய வகை வண்டியின் பின்சக்கரத்திலுள்ள நாற்பது கம்பிகளையும் வரைந்தால், தொலைவில் வெறுங் கருவட்டமே தெரியும். ஆறு கோடுகள் போதும். ரப்பர் முத்திரையில் ஒரே நிறத்தில் பதிந்தாலும் உருவம் விளங்க வேண்டும்.

கருநாடகத்தில் 2024இல் திருத்திய சட்டப்படி, கடைப் பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருத்தல் வேண்டும். இதனை மனமுவந்து ஏற்போம். கன்னடர், தெலுங்கர், தமிழர், வடவர் ஆகிய அனைவரும் ஒருங்கே படிக்கக்கூடியது படமொன்றே.

அமைத்த இலச்சினையைப் பதிவும் செய்துகொள்க. 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி அப்பதிவு பத்தாண்டுகள் செல்லும்; பின்னர்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். கருநாடகத்தாருக்கும் உரிய பதிவகம் சென்னையில் இருக்கிறது.

அன்பர்களே! பிறர் வண்டியையும் தன் வண்டி போலக் கருதிப் பழுது நீக்கும் கடைக்காரர், வள்ளுவர் காட்டிய நடுவுநிலைமையைக் கடைத்தெருவில் நிலைநாட்டுகிறார். அவருடைய பலகையில் புலி இல்லாவிடினும் தமிழ்ப் பண்பு இருக்கிறது. அத்தகைய கடைகள் இவ்வூரில் பெருகுக! அவற்றின் இலச்சினைகளை நம் பேரப்பிள்ளைகள் தம் ஊரின் அடையாளங்களாகவே அறிந்து வளர்க!