பங்கேற்பும் பங்கும்: காலநிலைப் பணியில் நாம் கேட்க வேண்டியவை



இரட்டைமலை சீனிவாசன் நினைவாகக் கூடியிருக்கிறோம். அவரைப் பற்றிப் பேசும்போது 1893இல் அவர் தொடங்கிய ‘பறையன்’ இதழைச் சொல்கிறோம். 1930இல் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனதைச் சொல்கிறோம். இந்த இரண்டுக்கும் இடையில் நடந்த ஒன்றை இன்று முதலில் நினைத்துக்கொள்வோம். 1924இல் சென்னை சட்டமன்றத்தில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலையில் நடக்கவும், பொதுக்கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்கவும் எல்லாச் சாதியாருக்கும் உரிமை உண்டு என்பது அதன் சாரம்.

பம்பாய் சட்டமன்றமும் 1923இல் இப்படி ஒரு தீர்மானம் போட்டிருந்தது. மகாடு நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகவே அறிவித்தது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் ஊர்வலமாகப் போய்க் கையால் அள்ளிக் குடிக்கும்வரை அந்தக் குளத்துத் தண்ணீர் நமக்குக் கிடைக்கவில்லை. குடித்த பிறகு குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். வழக்கு 1937 வரை நடந்தது.

தீர்மானத்துக்கும் தண்ணீருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது நமக்கு அப்போதிருந்தே தெரியும். காலநிலை மாற்றம் பற்றிப் பேச நம்மை அழைக்கும்போது இந்த அறிவோடுதான் நாம் போக வேண்டும்.

இப்போது அழைப்புகள் நிறைய வருகின்றன. தமிழ்நாட்டில் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் அதற்கு அமைப்பு இருக்கிறது. ஈரநிலங்களுக்கு ஓர் இயக்கம், மரம் வளர்க்க ஓர் இயக்கம் என்று தனித்தனியாக உண்டு. எல்லா ஆவணங்களிலும் ‘மக்கள் பங்கேற்பு’, ‘கூட்டாண்மை’ என்ற சொற்கள் வருகின்றன. நல்ல சொற்கள்தான். ஆனால் பங்கேற்பு என்ற சொல்லுக்குள் பங்கு இருக்கிறது. ஏற்கச் சொல்கிறவர்கள் எந்தப் பங்கைத் தருகிறார்கள் என்று கேட்பது நம் வேலை.

ஏரியிலிருந்து தொடங்குவோம். மக்கள் கூடி நீர்நிலையைப் பராமரிப்பதற்குக் குடிமராமத்து என்று பெயர். ஊர் ஒற்றுமையின் அடையாளமாக இதைப் பலர் போற்றுகிறார்கள். ஆனால் அந்த மராமத்தில் மண் வெட்டியது யார், மடை திறந்தது யார், விளைந்த நெல் யார் வீட்டுக்குப் போனது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலேய அரசு 1858இல் சென்னை மாகாணத்தில் இந்த வேலைக்காகவே ஒரு சட்டம் போட்டது. அதன் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம்.

நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, கம்புகட்டி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். மடையைத் திறந்து, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சி, மழை இரவில் கரையைக் காவல் காத்தவர்கள் பல ஊர்களில் நம் மக்கள்தான். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் போதும், எந்த இடத்தில் கரை கசியும் என்ற கணக்கு அவர்கள் தலையில் இருந்தது. கூலியாக அறுவடையில் சில மரக்கால் நெல் கிடைத்தது. அந்தத் தண்ணீர் பாயும் நிலத்தில் அவர்களுக்கு ஒரு குழிகூட இல்லாத ஊர்களே அதிகம்.

2000ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்கச் சட்டம் வந்தது. அதன்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினராக ஆயக்கட்டில் நிலம் வேண்டும். 2017இல் அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியபோதும் ஆயக்கட்டுதாரர்கள் வழியாகத்தான் பணி நடந்தது. நிலம் இல்லாத நீர்க்கட்டிக்கு அந்தச் சங்கத்தில் ஓட்டு இல்லை. ஏரியை அதிகம் அறிந்தவர் ஏரியைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் இல்லை. ஏரியில் மீன் பிடிக்கிறவரும், கரையில் ஆடு மேய்க்கிறவரும், புல் அறுக்கிறவரும் அங்கே இல்லை. இதைத்தான் பங்கில்லாத பங்கேற்பு என்கிறோம்.

அடுத்தது பேரிடர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் இழப்பைப் படகிலும் வலையிலும் கணக்கிட்டார்கள். மீனவர் இழப்பு பெரியது. அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் உப்பளத்தில் கூலி வேலை செய்தவரிடம், கழிமுகத்தில் கையால் இறால் தடவியவரிடம், உப்பேறிய வயலில் நடவு செய்தவரிடம் காட்டுவதற்குப் படகு இல்லை. நிவாரணப் பட்டியலிலும் முகாமிலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை அப்போதே மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் டெல்டாவைத் தாக்கியபோது, சாய்ந்த தென்னைக்கு மரத்தை எண்ணி இழப்பீடு தந்தார்கள். அது தோப்புக்காரருக்குப் போனது. அந்தத் தோப்பில் தேங்காய் பறித்து, மட்டை உரித்து, கீற்று முடைந்தவர்கள் இழந்த வேலையை எண்ண அளவுகோல் இல்லை.

இழப்பைச் சொத்தால் அளக்கும்வரை சொத்து மறுக்கப்பட்டவருக்கு இழப்பே இல்லை என்றுதான் கணக்கு முடியும். 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வரவேற்கிறோம். வெப்பத்தால் உயிர் போனால் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. செங்கல் சூளையிலும் கரும்புத் தோட்டத்திலும் வெயில் தாங்காமல் நின்ற நாளுக்கான கூலியை யார் தருவது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

சென்னையைப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நகரத்தின் குப்பையையும் சேற்றையும் அள்ள மற்ற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதி என்று இந்த அரங்கில் சொல்ல வேண்டியதில்லை. அதே வெள்ளத்தைக் காரணம் காட்டி அடையாறு, கூவம் கரைகளில் குடியிருந்தவர்களை அகற்றி, பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். மழைக்காலத்தில் அங்கும் தண்ணீர் தேங்குகிறது. அதே சதுப்பு நிலத்தின் மேல் எழுந்த பெரிய கட்டடங்கள் அசையவில்லை. நீர்நிலையைக் காப்பது என்றால் குடிசையை அகற்றுவது என்று பொருளாகிவிட்டால், அந்தச் சூழலியலோடு நாம் கூட்டுச் சேர முடியாது.

அப்படியானால் கூட்டே வேண்டாமா? வேண்டும். மழையும் வெயிலும் சேரியோடு நிற்பதில்லை. விவசாயச் சங்கங்கள், மீனவர் அமைப்புகள், பூவுலகைப் பற்றிக் கவலைப்படும் இளைஞர்கள், அறிவியலாளர்கள் எல்லாரும் நமக்கு வேண்டும். எந்த நிபந்தனையில் என்பதுதான் பேச்சு.

இதில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் நாம் கற்க ஒன்று உண்டு. 1982இல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த பகுதியில், பிசிபி என்ற நஞ்சு கலந்த மண்ணைக் கொட்ட அரசு முடிவு செய்தது. மக்கள் சாலையில் படுத்து லாரிகளை மறித்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். மண் கொட்டப்பட்டதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் சூழலியல் நீதி என்ற இயக்கம் அங்கிருந்து வலுப்பெற்றது. 1990இல் நாட்டின் பெரிய சூழலியல் அமைப்புகளுக்கு அவர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். எங்கள் ஊர்களைப் பற்றி எங்களைக் கேட்காமல் முடிவெடுக்கிறீர்கள், உங்கள் பொறுப்புகளில் எங்கள் மக்கள் எங்கே என்று கேட்டார்கள். 1991 அக்டோபரில் வாஷிங்டனில் தாங்களே மாநாடு கூட்டி 17 கொள்கைகளை வகுத்தார்கள்.

அவற்றில் ஒன்று நமக்கு நேராகப் பயன்படும். தேவையைக் கணிப்பது, திட்டமிடுவது, நிறைவேற்றுவது, சட்டத்தை அமல்படுத்துவது, விளைவை மதிப்பிடுவது ஆகிய எல்லா நிலைகளிலும் சமமான பங்காளியாக இருக்கும் உரிமையை அது கோருகிறது. இந்த ஐந்தையும் நம் ஊர் ஏரிக்குப் பொருத்திப் பாருங்கள். மண்வெட்டியோடு மூன்றாவது நிலையில் மட்டும் நாம் இருக்கிறோம். எந்த ஏரியை முதலில் தூர்வாருவது என்று கேட்கும்போது நாம் இல்லை. வாரிய மண் யார் வயலுக்குப் போனது என்று கணக்குப் பார்க்கும்போதும் நாம் இல்லை.

இனி நாம் செய்யக் கூடியவற்றைப் பேசுவோம்.

முதலாவது, கிராமசபை. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு 6 கிராமசபைகள். அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். மகாடு நாளுக்கு இரண்டு நாள் கழித்து வருகிறது. மார்ச் 20இல் கூடிப் பேசி, மார்ச் 22இல் தீர்மானத்தோடு சபைக்குப் போவோம். காலனிக்குக் குடிநீர் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது, மழைநீர் வடிகால் எங்கே முடிகிறது, ஏரி மீன் குத்தகை யாருக்கு என்று கேட்போம். கிராமசபை எளிதான இடம் என்று சொல்லவில்லை. 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றதை மறந்துவிட்டு யாரையும் அங்கே அனுப்ப முடியாது. அதனால் தனியாகப் போகாமல், பெண்களும் இளைஞர்களுமாகச் சேர்ந்து போவோம். கூட்டு சேர விரும்பும் சூழலியல் நண்பர்கள் அன்று நம் பக்கத்தில் வந்து உட்காரட்டும். கூட்டுக்கு அதுவே முதல் அடையாளம்.

இரண்டாவது, பணம். 2024இல் தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்குத் தனிச் சட்டம் வந்தது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்குவது அதன் அடிப்படை. 2011 கணக்கெடுப்பின்படி இம்மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. காலநிலைக்கென்று செலவாகும் நிதியில் அந்த விகிதம் காலனியின் கூரைக்கும் வடிகாலுக்கும் நிழலுக்கும் வந்து சேர்கிறதா என்று மாவட்டந்தோறும் கேட்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் மாணவர்கள் கையில் இருக்கிறது.

மூன்றாவது, நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் அறிக்கைக்குப் பிறகு 1892இல் நமக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டம் நிலச் சீர்திருத்தப் போராட்டம் மட்டும் இல்லை. வறட்சியிலும் வெள்ளத்திலும் தாக்குப்பிடிக்கக் காலடியில் நிலம் வேண்டும். 1994இல் காரணையில் அதற்காக உயிர் கொடுத்தவர்களின் கோரிக்கை காலநிலைத் திட்டங்களில் எழுதப்பட வேண்டிய கோரிக்கை.

நான்காவது, பதிவு. இது இலக்கிய அரங்கம். நம் எழுத்து எப்போதும் சாட்சியாக இருந்திருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு கோடைக்கும் பிறகு நம் தெருவில் எத்தனை நாள் கூலி போனது, எத்தனை சுவர் இடிந்தது, எந்தக் குழந்தை எத்தனை நாள் பள்ளி போகவில்லை என்று எழுதி வையுங்கள். இன்னும் உயிரோடு இருக்கும் நீர்க்கட்டிப் பெரியவர்களிடம் உட்கார்ந்து அவர்கள் அறிந்ததைக் கேட்டு எழுதுங்கள். பெயரோடு எழுதுங்கள், அறிவுக்கு உரியவர் அவர்தான் என்று தெரியட்டும். எண்ணப்படாத இழப்பை நாம் எண்ணி மேசையில் வைத்தால் பேச்சு வேறு இடத்திலிருந்து தொடங்கும்.

இரட்டைமலை சீனிவாசனும் அம்பேத்கரும் வட்டமேசைக்குப் போனபோது நாற்காலி கிடைத்ததே போதும் என்று திரும்பவில்லை. உரிமைகளைப் பட்டியலிட்டு எழுத்தில் கொடுத்தார்கள். காலநிலை மேசைக்கு நாமும் அப்படியே போவோம், ஊர்க் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு.