நம் பாட்டை எந்தத் தட்டில் வெட்டினார்கள்?

(உத்திரமேரூர் அருகே திருப்புலிவனத்தில் மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

என்னைக் கூப்பிட்ட தோழர், "பழைய ரெக்கார்டு சேர்க்கிற கதையைச் சொல்லுங்கள் அண்ணா, அரசியலை மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள்" என்றார். சரி என்றுதான் வந்தேன். ஆனால் இந்த இடத்தில் நின்றுகொண்டு அப்படிப் பேச வரவில்லை.

பக்கத்தில் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை, தேர்தல், ஜனநாயகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். 2020-இல் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் அதைப் பெருமையாகச் சொன்னார். யார் பெயரைக் குடத்தில் போடலாம் என்றும் அதே கல்லில் எழுதியிருக்கிறது. வரி கட்டுகிற நிலம் கால் வேலியாவது இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை, தோழர்களே. ஏர் ஓட்டியவன் பெயர் குடத்துக்குள் போகவில்லை. கல்லில் வெட்டியதால் அந்தச் சபை 1,100 வருஷம் கழித்தும் பேசுகிறது. அதே நிலத்தில் நாற்று நட்டவள் என்ன பாடினாள் என்பதை எவனும் வெட்டி வைக்கவில்லை.

இசைத்தட்டும் ஒரு கல்வெட்டுதான். குரலை வரியாக வெட்டுகிறார்கள், ஊசி அதைப் படிக்கிறது. யார் குரலை வெட்டினார்கள் என்று கேட்டுக்கொண்டேதான் இருபது வருஷமாகத் தட்டு சேர்க்கிறேன்.

அப்பா செய்யாறு பக்கம் மைக்செட் வைத்திருந்தார். ஊர்த்தெருவில் கல்யாணம் என்றால் ஆம்ப்ளிஃபையர் வீட்டுக்குள் போகும், தட்டுப்பெட்டி போகும், அப்பா போக முடியாது. தட்டைத் திருப்பிப் போடத் திண்ணை வரைக்கும் வரலாம். சாப்பாடு மாட்டுக்கொட்டகை ஓரம். சீர்காழியின் பிள்ளையார் பாட்டில் தொடங்குவார், ராத்திரி திருவிளையாடல் வசனத்தட்டில் முடிப்பார். அவர் விட்டுப்போன தட்டுகள் 63. பேர் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் பிறந்த பாட்டு அதில் ஒன்றுகூடக் கிடையாது.

கம்பெனிக்காரன் ஆரம்பத்தில் யாரிடம் போனான் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடினார். இங்கே கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி, நம் காஞ்சிபுரம் தனகோடி அம்மாள். பெரிய மனிதர்கள் இயந்திரத்தின் முன்னால் பாடத் தயங்கியபோது, தேவதாசி மரபுப் பெண்கள்தான் துணிந்து பாடினார்கள். கொஞ்ச காலத்தில் சங்கீதம் சபாவுக்குள் போனது, அந்தப் பெண்கள் வெளியே நின்றார்கள். தட்டில் இருந்ததால் அவர்கள் குரலையாவது இன்று கேட்கிறோம். அந்தத் தட்டுக்கான அரக்கு எங்கிருந்து வந்தது? சோட்டாநாக்பூர் காட்டில் மரக்கிளையில் பூச்சி கட்டியதை ஆதிவாசிகள் சுரண்டி எடுத்துக் கொடுத்தது. அவர்கள் பாட்டைப் பதிய வேண்டும் என்று கம்பெனிகளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அரக்கு மட்டும் போதும்.

பிறகு வினைல் வந்தது. இளையராஜாவின் எக்கோ தட்டுகளுக்கு இன்று வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆள் தேடி வருகிறான். 1986-இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' நல்ல நிலையில் இருந்தால் சொன்னதுதான் விலை. நான் அதைக் குறை சொல்லவில்லை, என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஆனால் அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராகப் பாடியவர். அவர் குரலில் ஒரு தட்டு இதுவரை என் கைக்கு வந்ததில்லை. மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்கு முன்னால் அங்கே ரெக்கார்டு விற்ற பெரியவர்களைக் கேட்டேன். பல்லாவரம் வெள்ளிச்சந்தையில் வருஷக்கணக்காக அலைந்தேன். 'அப்படி ஒன்று வந்ததே இல்லையே தம்பி' என்பார்கள்.

இப்போது ஒரு வெளியூர்க் கதை. நான் சென்னையில் ஆடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தபோது, ஒருவர் டர்ன்டேபிள் கொண்டுவந்தார். சோதித்துப் பார்க்க ஒரு சின்னத் தட்டும் கொடுத்தார். போட்டேன். இரண்டு நிமிஷம்கூட இல்லை, ஒரே கத்தல். பெல்ட் போய்விட்டது, வேகமாகச் சுற்றுகிறது என்று நினைத்து நிறுத்திவிட்டேன். அவர் சிரித்தார். "இது ஹார்ட்கோர் பங்க். இப்படித்தான் இருக்கும். தட்டைக் கீழே போட்டுவிடாதே, உன் மாதச் சம்பளத்தைவிட விலை அதிகம்" என்றார்.

அதன் பிறகுதான் படித்தேன். வாஷிங்டனில் டீன் ஐடில்ஸ் என்று பள்ளிக்கூடப் பையன்களின் குழு. 1980-இல் கலைந்தபோது கையிருப்புக் காசைப் பங்கு போடாமல், ஆயிரம் தட்டு அடித்தார்கள். உறையை அவர்களே வெட்டி, மடித்து, பசை போட்டு ஒட்டினார்கள். டிஸ்கார்ட் என்ற கம்பெனி அப்படித்தான் பிறந்தது. அதே ஊரில் பேட் பிரெய்ன்ஸ், நாலு கறுப்பினத்து இளைஞர்கள். ஹார்ட்கோரின் வேகத்தை உண்டாக்கியவர்களில் முன்வரிசை அவர்கள். அவர்களுடைய முதல் ஆல்பம் 1982-இல் வந்தது. தட்டில் இல்லை, கேசட்டில் மட்டும்.

கேசட்டில் மட்டும் என்று படித்ததும் எனக்கு உதறியது. அதுவரைக்கும் தட்டை மட்டுமே தேடிக்கொண்டிருந்தேன், கேசட்டைக் குப்பை என்று ஒதுக்கிவிட்டேன். நம் ஆட்கள் கம்பெனி வாசலில் நிற்காமல் பதிந்தது எதில்? கேசட்டில்தானே! தோழர் கே.ஏ. குணசேகரன் குரலை நம்மில் எத்தனை பேர் முதலில் கேசட்டில் கேட்டோம்? ஏப்ரல் 14-க்கு ஒவ்வொரு காலனியிலும் யாரோ பாடி, யாரோ பதிந்து, கையால் பேர் எழுதி, பத்து பிரதி இருபது பிரதி எடுத்துக் கொடுத்தார்களே, கானா, பறை, ஒப்பாரி, அதெல்லாம் எங்கே? அந்த அமெரிக்கத் தட்டு ஆயிரம் பிரதி என்றால் அரிது என்கிறான். நம்முடையது சிலவற்றில் ஒரே பிரதி. சந்தையில் அதற்கு விலையே இல்லை, அதனால் அரிது என்று யாரும் சொல்வதில்லை.

ஒரே பிரதி ஒன்றை நானே அழித்திருக்கிறேன். 1994 அக்டோபர் 10-ஆம் தேதி, காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். இந்த மாவட்டத்தில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் அத்தை, அப்பாவின் அக்கா, அந்தப் பிள்ளைகளைப் பார்த்ததுகூட இல்லை. களை எடுக்கும்போது அவர்கள் மேல் ஒப்பாரி கட்டிப் பாடியது. அப்பா கூப்பிட்டு உட்காரவைத்து டேப்ரெக்கார்டரில் பதிந்தார். அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் முழுக்க.

இரண்டு வருஷம் கழித்து, பதினைந்து வயதில், நான் அதன் மேல் சினிமாப் பாட்டு பதிந்தேன். வீட்டில் வேறு கேசட் இல்லை. அப்பா அடிக்கவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. அத்தையிடம் மறுபடியும் பாடச் சொல்லலாம் என்று நினைத்திருப்பார். அடுத்த மழைக்காலத்தில் அத்தை போய்விட்டது.

கடைசியில் நாற்பது நொடி மிச்சம் இருக்கிறது. ஒரு கோழி கத்துகிறது, அத்தை இருமுகிறது, ஏழுமலையின் பேரைச் சொல்லி ஓர் அடியைத் தொடங்குகிறது, நாடா முடிந்துவிடுகிறது. என் 63 தட்டையும் எக்கோவையும் எடுத்துக்கொண்டு அந்த அரை மணி நேரத்தை யாராவது தருவதாக இருந்தால் கொடுத்துவிடுவேன்.

அதனால் கொஞ்சம் வேலை சொல்கிறேன். கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காது இருக்கும். இரண்டையும் உடைத்துவிடுங்கள். பிறகு பையன் அழுத்தினாலும் பதிவாகாது. பீரோ மேல், அடுப்புப் பக்கம், ஸ்பீக்கர் காந்தத்துக்கு அருகில் வைக்காதீர்கள். பூஞ்சை வெள்ளையாகப் பிடித்திருந்தால் ஓட்டிப் பார்க்க வேண்டாம், அப்படியே கொடுங்கள், நான் சுத்தம் செய்துகொள்கிறேன். கேட்கவே முடியவில்லை என்று தூக்கிப் போடவும் வேண்டாம். நாடா அறுந்திருந்தால் ஒட்டலாம், அழுத்தப் பஞ்சு விழுந்திருந்தால் மாற்றலாம். யார் பாடியது, எந்தத் தெரு, எந்த வருஷம், பக்கத்தில் பறை அடித்தது யார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அது இல்லாவிட்டால் குரல் இருந்தும் ஆள் காணாமல் போய்விடுவார். கணினியில் ஏற்றி, ஒரு பிரதியைப் பாடியவர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குத் தருவேன். விற்க மாட்டேன். இதை எழுதியே கொடுக்கிறேன்.

டெக்கையும் லேப்டாப்பையும் கொண்டுவந்திருக்கிறேன், மின்சாரமும் இருக்கிறது. முன்வரிசையில் இருக்கும் பெரியம்மா நான் பேச ஆரம்பித்ததிலிருந்து மஞ்சள் பையில் ஒரு கேசட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உறை இல்லை. அவர் வீட்டுக்காரர் தண்டோரா போட்டுக்கொண்டே பாடியது என்கிறார். பெரியம்மா, கொடுங்கள், முதலில் காதை உடைத்துவிடுவோம்.