இரண்டு முறை பாருங்கள்



கரோலின் ஷூமேக்கர் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கல்லூரியில் அவர் படித்தது வரலாறும் அரசியல் அறிவியலும். மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகு, 1980-ஆம் ஆண்டு, 51 வயதில், வானத்தில் தேடத் தொடங்கினார்.

எதைத் தேடினார்? சிறுகோள்களில் பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றுகின்றன. சில மட்டும் கோள்களின் பாதையைக் குறுக்கே கடக்கின்றன. குறுக்கே வருவது என்றாவது மோதலாம். அவற்றைக் கண்டறிய, கரோலினின் கணவர் யூஜீனும் வானியலாளர் எலினார் ஹெலினும் 1973-ல் கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் 46 செ.மீ. தொலைநோக்கியுடன் ஒரு தேடலைத் தொடங்கியிருந்தார்கள்.

கரோலினின் வேலை எளிமையானது, ஆனால் கடினமானது. வானின் ஒரே பகுதியைச் சற்று இடைவெளி விட்டு இரண்டு முறை படம் எடுப்பார்கள். இரண்டு பிலிம்களையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு கண்ணாலும் ஒன்றைப் பார்க்கும் நுண்ணோக்கியில் அவர் ஆராய்வார். விண்மீன்கள் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கும். நகர்ந்த பொருள் மட்டும் அவற்றுக்கு மேலே மிதப்பதுபோல் தெரியும். இப்படிப் பார்த்துப் பார்த்தே 32 வால்மீன்களையும் நூற்றுக்கணக்கான சிறுகோள்களையும் கண்டுபிடித்தார்.

1993 மார்ச்சில் ஓர் இரவு வானம் மேகமூட்டமாக இருந்தது. நல்ல பிலிமை வீணாக்க மனமில்லாமல், வெளிச்சம் பட்டு ஓரம் கெட்டுப்போயிருந்த பிலிமை மாட்டினார்கள். அதில்தான் வியாழனுக்கு அருகே சிதறிக் கிடந்த வால்மீன் கரோலினின் கண்ணில் பட்டது. அதுவே ஷூமேக்கர்-லெவி 9. 1994 ஜூலையில் அதன் துண்டுகள் ஒவ்வொன்றாக வியாழனில் மோதியதை உலகமே பார்த்தது. விண்ணில் மோதல் பழங்கதை இல்லை என்பது அன்று எல்லோருக்கும் விளங்கியது.

பூமியும் இதற்கு விலக்கல்ல. 2013-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரின் மேல் வெடித்த விண்கல்லை முன்கூட்டி யாரும் பார்த்திருக்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 2022-ல் நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளில் மோதி, அதன் சுற்றுக் காலத்தை அரை மணி நேரத்துக்கும் மேல் குறைத்தது. வருகிற கல்லைத் தள்ளிவிடும் வழி இன்று நம்மிடம் இருக்கிறது. ஆனால் முதலில் யாராவது அதைப் பார்த்திருக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் கையில் இருக்கும் பட்டம் நீங்கள் இதுவரை படித்ததைச் சொல்லும். இனி எதைக் கண்டுபிடிப்பீர்கள் என்பதை அது சொல்லாது. எந்தத் துறைக்குப் போனாலும், ஒரு முறை பார்த்ததை மறுபடியும் பாருங்கள். எது நகர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். வயது ஆகிவிட்டது, நல்ல கருவி இல்லை, வானம் தெளிவாக இல்லை என்று வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். இருப்பதைக் கொண்டு இன்றைக்கே தொடங்குங்கள்.