ஆடுவதற்குத் தைத்த உடை



தலையில் துணி கட்டியிருக்கும் விதத்தை வைத்தே ஒரு பெண் எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடக்கூடிய கிராமங்கள் ஐரோப்பாவின் நடுவில் இன்னமும் இருக்கின்றன. செக் நாட்டின் தென்கிழக்கு மூலையில், மொராவியாவில், ஸ்லோவாட்ஸ்கோ என்றொரு வட்டாரம். திராட்சைத் தோட்டங்களும் ஒயின் நிலவறைகளும் நிறைந்த மண். அங்கே கியோவ் என்ற ஊரைச் சுற்றியுள்ள பெண்கள் திருவிழா நாளில் சிவப்புப் பூப்போட்ட துணியைத் தலையில் கட்டுகிறார்கள். துணி ஒன்றுதான், முடிச்சும் மடிப்பும் ஊருக்கு ஊர் வேறு. பக்கத்து ஊர் மடிப்போடு வந்து நின்றால் பாட்டிமார்கள் சும்மா விடமாட்டார்கள்.

இந்த ஊர் உடைக்கு செக் மக்கள் வைத்திருக்கும் பெயர் க்ரோய். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் க்ரோயைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் பேசப்போவது வீட்டில் தைக்கிற க்ரோயைப் பற்றி. அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஆடுவதற்காகச் சாப்பாட்டு மேசையை ஒழித்துவிட்டுத் துணியை விரிக்கிறார்களே, அந்த வேலையைப் பற்றி.

எதற்காக ஆடுகிறார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மொராவிய கிராமங்களில் இலையுதிர் காலத்தில் ஊர்த் திருவிழா வரும். ஊர் இளைஞர்களிலிருந்து தேர்ந்தெடுத்த ஜோடி ஒன்று முன்னால் நின்று விழாவை நடத்தும். குளிர்காலத்தில், க்ரோய் அணிந்தே வரவேண்டிய நடன இரவுகள் உண்டு. சிறுபிள்ளைகளுக்குத் தனி ஆட்டக் குழுக்கள் இருக்கின்றன. ஆக ஒரு குடும்பத்தில் நாலு பேர் என்றால் நாலு க்ரோய் வேண்டும். கைதேர்ந்தவர்களிடம் கொடுத்துத் தைத்து வாங்கினால் முழு உடை ஒன்றுக்கே செக் நாணயத்தில் பல பத்தாயிரம் கொருனா ஆகிவிடும். வீட்டில் ஊசியை எடுப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

எங்கிருந்து தொடங்குவது? பாவாடையிலிருந்துதான்.

ஸ்லோவாட்ஸ்கோவின் பல ஊர்களில் பெண்ணின் பாவாடை முழு வட்டமாக மூடுவதில்லை. பின்பக்கத்தை மறைக்கும் மடிப்புப் பாவாடை ஒன்று. அதன் திறந்த முன்பக்கத்தை மூடும் அகலமான ஏப்ரன் ஒன்று. இரண்டுக்கும் கீழே கஞ்சி போட்ட உள்பாவாடைகள், ஒன்றின் மேல் ஒன்றாக. மடிப்பு என்றால் நூற்றுக்கணக்கில், விரல்நுனி அகலத்துக்கும் குறைவாக. கஞ்சியில் நனைத்த துணியை மேசைமேல் போட்டு, விரலாலேயே மடிப்பு மடிப்பாகப் பிடித்து, நூலால் கட்டி, அப்படியே காயவிடவேண்டும். காய்ந்தபின் கட்டை அவிழ்த்தால் மடிப்பு நிற்கும். விழாவன்று ஒரு மழை பிடித்தால் அத்தனை உழைப்பும் போச்சு.

இவ்வளவு பாடு எதற்கு என்பதற்கு விடை ஆட்டத்தில் இருக்கிறது. இந்த வட்டாரத்து ஜோடி நடனங்களில் முக்கியமானது சுழற்சி. ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் வேகமாகச் சுற்றுவார்கள். கஞ்சி சரியாக ஏறியிருந்தால் பாவாடை மணிபோல் விரிந்து எழும். துவண்ட துணி காலில் சுற்றிக்கொள்ளும். எனவே கஞ்சியின் பதத்தைத் தீர்மானிப்பது கண்ணுக்கான அழகு மட்டுமல்ல, ஆடுகிறவளின் காலும்கூட.

அடுத்தது சட்டை. தோளிலிருந்து முழங்கை வரை பூசணிபோல் உப்பிய கைகளும், கழுத்திலும் மணிக்கட்டிலும் பூவேலையும் லேஸும் உள்ள வெள்ளைச் சட்டை. பார்த்தால் பெரிய சிக்கல்போலத் தெரியும். வெட்டுவது மிக எளிது. பழைய வெட்டு முழுவதும் நேர்கோடுதான். சதுரமும் நீள்சதுரமும் வெட்டி, கழுத்தில் சுருக்கிவிட்டு, அக்குளில் ஒரு சிறு சதுரத் துண்டை ஒட்டித் தைத்தார்கள். அந்தச் சிறு துண்டு இல்லையென்றால் கையைத் தூக்கியதும் தையல் விட்டுவிடும். வீட்டிலேயே நூற்று நெய்த லினனில் ஒரு விரற்கடைகூட வீணாக்க மனம் வராத காலத்து வெட்டு அது. துவைத்த பிறகு கைகளுக்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டு, உள்ளே தாளைத் திணித்து உப்பவைத்துக் காயவிடுவார்கள். அணிந்துகொண்டபின் உட்காரும்போதும் காரில் ஏறும்போதும் அந்தப் பெண் படும் அவஸ்தையை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

சட்டைக்கு மேல் இறுக்கமான சிறு மேல்சட்டை ஒன்று, ஜரிகைப் பட்டிலோ வெல்வெட்டிலோ. தையலில் உண்மையான சோதனை இதுதான். பாவாடையும் ஏப்ரனும் நாடாவால் கட்டுபவை; அம்மாவுக்கும் மகளுக்கும் ஒன்றே பொருந்திவிடும். மேல்சட்டை அப்படியல்ல. நிற்கும்போது பிடித்தால் போதாது. மூச்சு வாங்க ஆடும்போதும் கொக்கி தெறிக்கக்கூடாது. எனவே அளவெடுக்கும்போது கையைத் தூக்கச் சொல்லி, ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லி எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஆண்களுக்கும் இதே நியாயம். வெர்புங்க் என்ற ஆட்டத்தில் ஆண் தனியாகக் குதித்து ஆடுவான். 18ஆம் நூற்றாண்டில் அந்நாட்டை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசின் படைக்கு ஆள்சேர்த்த வழக்கத்தோடு சேர்ந்து வளர்ந்த ஆட்டம். 2005இல் யுனெஸ்கோ அதைச் சிறப்பித்தது. காலோடு ஒட்டிய கம்பளிக் கால்சட்டை, உயரமான பூட்ஸ், பூவேலை செய்த அரைச்சட்டை, தொப்பியில் சேவல் இறகு. இந்தக் கால்சட்டைத் துணி துளியும் இழுபடாது. இருந்தும் அதைப் போட்டுக்கொண்டு உயரக் குதித்து, குந்தி எழ வேண்டும். கால்சட்டையை மட்டும் தெரிந்த தையற்காரரிடம் கொடுத்துவிடுவது நல்லது. வீண் துணிச்சல் வேண்டாம்.

குழந்தைகள் விஷயம் வேறு. அவர்களுக்குத் தனி மாதிரி கிடையாது. பெரியவர்கள் உடையே சிறிய அளவில். ஆனால் குழந்தை வளர்ந்துகொண்டே இருக்கும். நம் வீடுகளில் பட்டுப்பாவாடைக்கு டக் பிடித்துத் தைத்து, ஆண்டுக்கொன்றாகப் பிரித்துவிடுவோமே, அதே உத்திதான் இங்கேயும். கீழ்ப்பகுதியில் படுக்கைவாட்டில் டக் பிடிப்பார்கள், மேல்சட்டையின் பக்கத் தையலுக்குள் தாராளமாகத் துணி விடுவார்கள். அக்கா போட்டதைத் தங்கை, தங்கை போட்டதைச் சித்தப்பா மகள் என்று ஒரே க்ரோய் பலரோடு ஆடும்.

பிள்ளைகள் உடையில் ஒரு விசித்திரம் வில்ச்நோவ் என்ற ஊரில் இருக்கிறது. மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையையொட்டி அங்கே ‘அரசர்களின் சவாரி’ நடக்கும். ஊர்ச் சிறுவன் ஒருவன்தான் அரசன். பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். அவனுக்கு அணிவிப்பது பெண்கள் உடை; வாயில் ஒரு ரோஜா; இருபுறமும் உருவிய வாளோடு துணைவர்கள். சவாரி முடியும்வரை அவன் வாய் திறக்கக்கூடாது. 15ஆம் நூற்றாண்டில் ஹங்கேரி அரசன் மத்தியாஸ் தோற்று, பெண் வேடத்தில் தப்பினான் என்ற கதையோடு இதைச் சேர்த்துச் சொல்வார்கள். கதை கதையாகவே இருக்கட்டும். 2011இல் இந்தச் சவாரியும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. குதிரைகளுக்குக் காகித ரோஜா செய்வதிலிருந்து பையனுக்குப் பாவாடை கட்டிவிடுவது வரை வீட்டுப் பெண்களின் கை இல்லாமல் எதுவும் நகராது.

க்ரோய் என்றால் ஏதோ ஆதிகாலத்திலிருந்து மாறாமல் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1781இல் பண்ணையடிமை முறையும் 1848இல் கட்டாய வேலையும் ஒழிந்த பிறகு விவசாயி கையில் கொஞ்சம் பணம் நின்றது. நாம் இன்று பழமை என்று கொண்டாடும் ஆடம்பரமான க்ரோய் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில்தான் அந்த உருவம் எடுத்தது. அதிலுள்ள ரிப்பன், ஜரிகை, மணி, அச்சிட்ட தலைத்துணி எல்லாம் கடைச்சரக்கு, ஆலைச்சரக்கு. ரயிலும் தொழிற்சாலையும் முந்தி வந்த, நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவில் பெரும்பாலான இடங்களில் க்ரோய் சீக்கிரமே பெட்டிக்குள் போய்விட்டது. டொமாஷ்லிட்சே பக்கம் போன்ற சில இடங்களில்தான் நீடித்தது. 1895இல் பிராகில் நடந்த பெரிய இனவியல் கண்காட்சிக்குப் பிறகு நகரத்தார் அதை மறுபடி ஆர்வத்தோடு பார்க்க ஆரம்பித்தார்கள்.

கடைச்சரக்கு என்றேன் அல்லவா, அதில் ஒன்றுக்கு நம் பக்கத்துத் தொடர்பு உண்டு. வேலைநாள் ஏப்ரனுக்கும் பாவாடைக்கும் பயன்பட்டது மொட்ரோடிஸ்க் என்ற நீலத்துணி. மர அச்சால் பருத்தித் துணியில் ஒரு பசையைப் பதிப்பார்கள். உலர்ந்தபின் துணியைக் கொக்கிகள் உள்ள இரும்புச் சட்டத்தில் மாட்டி, நீலத் தொட்டிக்குள் இறக்குவார்கள். வெளியே எடுத்ததும் துணி பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டு நீலமாகும். இப்படிப் பலமுறை. கடைசியில் பசையைக் கழுவினால் அதற்கு அடியிலிருந்த பூக்கள் வெள்ளையாகத் தெரியும். அந்தத் தொட்டிக்குள் கரைந்தது, செயற்கைச் சாயம் வருவதற்கு முன், இந்தியாவிலிருந்து கப்பலேறிய அவுரி நீலம். இன்றும் ஸ்ட்ராஷ்னிட்சே, ஒலெஷ்னிட்சே என்ற இரண்டு ஊர்களில் இத்தொழில் குடும்பப் பட்டறைகளில் நடக்கிறது. 2018இல் செக் உட்பட ஐந்து நாடுகளின் பொதுச் சொத்தாக யுனெஸ்கோ இதைப் பதிவுசெய்தது.

பழைய க்ரோயிலேயே இத்தனை கடைச்சரக்கு இருந்ததால்தான், தையல் இயந்திரத்தில் தைத்தால் அது க்ரோய் ஆகாது என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கிடைத்த நல்ல துணியை வாங்கி அழகுபார்த்த கொள்ளுப்பாட்டியிடம் ஒரு தையல் இயந்திரம் இருந்திருந்தால் சும்மாவா விட்டிருப்பாள்? உள்தையலை இயந்திரத்தில் ஓட்டுங்கள், வெளியே தெரியும் பூவேலைக்குக் கையைச் செலவிடுங்கள் என்பதே சரியான கணக்கு. குழந்தைக்கு விலைகுறைந்த பருத்தி போதும். ஆனால் ஒரு ஊர் வெட்டையும் இன்னொரு ஊர் கட்டையும் கலப்பதில் நான் கறார். உடை எந்த ஊரைச் சொல்கிறதோ அந்த ஊரையே முழுதாகச் சொல்லட்டும்.

கடல் கடந்த செக் குடும்பங்கள் இதில் சற்றுத் தாராளம். அதற்குக் காரணமும் உண்டு. 1850களிலிருந்து அமெரிக்காவின் அயோவா, நெப்ராஸ்கா, டெக்சஸ் பக்கம் குடியேறியவர்களின் வாரிசுகளில் பலர் தாத்தா ஊர் க்ரோயைப் பார்த்ததே இல்லை. சிவப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டை, கறுப்பு மேல்சட்டை, பளபளக்கும் சமிக்கி என்று ஒரு பொது உடையைத் தாங்களே உருவாக்கிக்கொண்டார்கள். அதைப் போட்டுக்கொண்டு பேசெடா என்ற நடனத்தை ஆடுகிறார்கள். நான்கு ஜோடிகள் சேர்ந்து ஆடும் அது 1860களில் பிராகில் தொகுக்கப்பட்டது; எழுத்தாளர் யான் நெருடாவுக்கு அதில் பங்குண்டு. நெப்ராஸ்காவின் வில்பர் என்ற சிற்றூரில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் செக் விழா நடக்கிறது. அயோவாவின் சீடர் ராப்பிட்ஸில் உள்ள செக், ஸ்லோவாக் அருங்காட்சியகத்துக்குள் 2008இல் ஆற்று வெள்ளம் புகுந்தது. அந்தக் கட்டடத்தையே பெயர்த்து நகர்த்தி மேடான இடத்தில் வைத்து, 2012இல் மறுபடி திறந்தார்கள். க்ரோய்களுக்கு அங்கே முக்கிய இடம்.

செக் நாட்டுக்குப் போகும் வாய்ப்புக் கிடைப்பவர்கள் பிராகின் பாலத்தையும் கோட்டையையும் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடாதீர்கள். மே கடைசியில் வில்ச்நோவ், ஜூன் கடைசியில் ஸ்ட்ராஷ்னிட்சே. இரண்டாவது ஊரில் நாட்டார் கலைவிழா 1946 முதல் நடக்கிறது. பிராகிலிருந்து ரயிலில் தென்கிழக்கே சில மணி நேரம்தான். தங்குமிடத்துக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். விழா நாளில் அந்தச் சின்ன ஊரில் அறை கிடைப்பது கடினம்.