கல்யாணத்துக்குப் பின் வரும் காகிதங்கள்

(மகளிர் பிரிவின் நவராத்திரிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் செம்பூரில் பிறந்து வளர்ந்தவள். இப்போது இருப்பது நியூ ஜெர்சியில். கொலு பார்க்க வந்த என்னைச் செயலாளர் மாமி பிடித்துக் கொண்டார். "அங்கேயே பிறந்த பையனைப் பண்ணிக் கொண்டு போனவள் நீ. இங்கே நாலைந்து வீட்டில் அதே பேச்சு நடக்கிறது, தெரிந்ததைச் சொல்" என்றார். நாங்கள் செய்த தப்புகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

"பையன் அமெரிக்காவில் இருக்கிறான்" என்று ஜாதகம் வந்தால் முதலில் ஒன்று கேளுங்கள். அவர் சிடிசனா, கிரீன் கார்டா, எச்-1பி விசாவா? மூன்றும் மூன்று விதமான வாழ்க்கை. எச்-1பி என்றால் பெண் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் அவளுக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் வேலை பார்க்க முடியாது. கணவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் மட்டும் 2015 முதல் அனுமதி உண்டு. கிரீன் கார்டுக்காரர் மனைவியை அழைக்க வருடாந்தர எண்ணிக்கை வரம்பு இருக்கிறது. வருஷக் கணக்கில் காத்திருக்க நேரலாம். சிடிசனின் மனைவிக்கு அந்த வரம்பு இல்லை. அதனால் மறுநாளே விமானம் ஏறலாம் என்று அர்த்தமில்லை.

எனக்கு 2016 மாசியில் கல்யாணம். தாலி கட்டி, ஐந்நூறு பேர் சாப்பிட்டுப் போனதும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டோம். பதிவு செய்யவில்லை. அவர் ஊர் திரும்பிய பிறகுதான், சான்றிதழ் இல்லாமல் ஐ-130 மனுவே போட முடியாது என்று தெரிந்தது. பதிவுக்கு இருவரும் நேரில் வர வேண்டும். அவருக்கு லீவு கிடைத்து வர ஐந்து மாதம் ஆயிற்று. அதன் பிறகு மனு, கட்டணம், போலீஸ் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, கடைசியில் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் நேர்காணல். நான் கிளம்பியது 2017 அக்டோபரில்.

கல்யாணமாகி இருபது மாதம் பிறந்த வீட்டில் இருந்தேன். நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "இன்னும் கிளம்பலையா?" அம்மா சமையலறைக்குள் போய்விடுவாள். உறவுக்காரர் ஒருவர், "விசிட்டர் விசாவில் போய்விடு, அங்கே மாற்றிக் கொள்ளலாம்" என்றார். நல்ல வேளை, அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. குடியேறும் எண்ணத்தை மறைத்துச் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொன்னால் அது பொய்த் தகவல். நிரந்தரமாகவே கதவை அடைத்துவிடக் கூடும்.

போன பிறகு நடந்ததுதான் முக்கியம். கல்யாணமாகி இரண்டு வருஷம் முடியும் முன் அங்கே போய் இறங்கினால், கையில் வருவது இரண்டு வருஷ நிபந்தனை அட்டை. அது காலாவதியாகும் முன் 90 நாளுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து ஐ-751 மனுப் போட வேண்டும். உண்மையாகவே குடும்பம் நடத்துகிறோம் என்பதற்கு ஆதாரமும் வைக்க வேண்டும். நான் அட்டையை ரேஷன் கார்டு மாதிரி பீரோவில் வைத்துவிட்டேன். "அவர் பார்த்துக் கொள்வார்" என்று நான், "அவள் பார்த்திருப்பாள்" என்று அவர். பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பெண் பேச்சு வாக்கில் கேட்டபோது எடுத்துப் பார்த்தால், மூன்று வாரம்தான் பாக்கி!

அதைவிடப் பெரிய அதிர்ச்சி, ஆதாரம் தேடியபோது வந்தது. வீட்டு வாடகை ஒப்பந்தம், மின்சார பில், வங்கிக் கணக்கு எல்லாம் அவர் பெயரில். இரண்டு வருஷம் அந்த வீட்டில் சமைத்தவள் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, நானும் கேட்கவில்லை. போட்டோக்கள், வருமான வரிக் கணக்கு, அக்கம்பக்கத்தார் கடிதங்கள் என்று திரட்டி, கெடுவுக்கு நாலு நாள் முன்னால் அனுப்பினோம்.

எனக்கு அது பதற்றத்தோடு போயிற்று. எனக்குத் தெரிந்த இன்னொரு பெண்ணுக்கு அப்படி இல்லை. ஒன்றரை வருஷத்தில் அந்தக் கல்யாணம் முறிந்தது. "உன் கார்டை ரத்து செய்துவிடுவேன், ஊருக்குப் போ" என்று தினமும் மிரட்டல். அவள் பெட்டி கட்டிவிட்டாள். பிறகு ஒரு வக்கீலிடம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கணவர் கூட்டு மனுவில் கையெழுத்துப் போட மறுக்கலாம். ஆனால் அட்டையை ரத்து செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. நல்லெண்ணத்தோடு செய்த கல்யாணம் என்று காட்டினால், விவாகரத்துக்குப் பின்பும், கொடுமைக்கு ஆளானாலும், பெண் தனியாகவே மனுப் போடலாம். அவள் போட்டாள். இன்று அங்கேயே வேலையில் இருக்கிறாள்.

இன்னொன்றும் சொல்கிறேன். மனைவியை அழைக்கும்போது ஐ-864 என்ற உறுதிமொழியில் கணவர் கையெழுத்திடுகிறார். வறுமைக் கோட்டு அளவில் 125 சதவீதத்துக்குக் குறையாமல் அவளை ஆதரிப்பேன் என்பது அதன் சாரம். விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு தானாகத் தீராது. நகையை எண்ணிக் கொடுக்கும் அம்மாக்கள் இதன் நகலையும் பெண் கையில் கொடுத்தனுப்புங்கள்.

நான் 2022இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றேன். நம் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ஓசிஐ அட்டை வாங்கினேன். வந்து போகலாம், தங்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. ரத்தான பாஸ்போர்ட்டை அப்பாவிடம் காட்டினேன். பேசாமல் புரட்டிப் பார்த்தார். "தேதியெல்லாம் நீயே பார்த்துச் செய்தாயா?" என்று மட்டும் கேட்டார். "ஆமாம்பா" என்றேன்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். முகூர்த்தம் குறிக்கும்போதே பதிவுக்கும் நாள் குறியுங்கள். உங்கள் பெண் அந்த மனுக்களைத் தானே படிக்கட்டும். போன முதல் மாதமே வாடகை ஒப்பந்தத்திலும் வங்கிக் கணக்கிலும் அவள் பெயர் ஏறட்டும். நல்ல மாப்பிள்ளை இதைத் தப்பாக எடுத்துக் கொள்ள மாட்டார். என் ஆத்துக்காரர் எடுத்துக் கொள்ளவில்லை.