மாசா மாசம் கட்டலாமா? போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர் சந்தாக் கணக்கு

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல அதிகமா வந்தது ஒண்ணுதான்: "லைட்ரூமுக்கு மாசா மாசம் பணம் கட்டியே ஆகணுமா? ஒரே தடவை காசு கொடுத்து வாங்குற மாதிரி எதுவும் இல்லையா?" ஆளாளுக்கு வேற வேற வார்த்தையில கேட்டிருந்தீங்க, ஒருத்தர் கொஞ்சம் கோபமாவே. இன்னிக்கு முழுக்க அதைப் பத்தித்தான்.

புதுசா கேக்குறவங்களுக்காக என்னைப் பத்தி ஒரு வரி. வாரத்துல அஞ்சு நாள் ஆபீஸ், முகூர்த்த நாள்ல கல்யாண போட்டோகிராஃபி. வருஷத்துக்கு இருபது கல்யாணம் வரும். அதனால எனக்கும் இது கைக்காசு விஷயம்தான். இன்னொண்ணு, விலை எல்லாத்தையும் அமெரிக்க டாலர் கணக்குலதான் சொல்லப் போறேன். நம்ம ஊர் விலை வேற, மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற. ஆனா பழைய விலையையும் புது விலையையும் பக்கத்துல வச்சுப் பார்க்க டாலர்தான் வசதி.

முதல்ல பழைய கதை. 2012-ல வந்த போட்டோஷாப் சிஎஸ் 6-தான், முழு போட்டோஷாப்பைக் காசு கொடுத்து மொத்தமா வாங்க முடிஞ்ச கடைசி வெர்ஷன். 2013 மே மாசம், இனிமே எல்லாமே கிரியேட்டிவ் கிளவுட், எல்லாமே சந்தான்னு அடோபி அறிவிச்சாங்க. அதே வருஷம் போட்டோகிராஃபர்களுக்குன்னு ஒரு திட்டம் வந்தது. போட்டோஷாப்பும் லைட்ரூமும் சேர்த்து மாசம் 9.99 டாலர்.

இப்போ ரெண்டு பேரை எடுத்துக்கோங்க. ஒருத்தருக்கு போட்டோஷாப் இல்லாம வேலை நடக்காது. சிஎஸ் 6 விலை 699 டாலர். அதை 9.99-ஆல வகுத்தா 70 மாசம், கிட்டத்தட்ட ஆறு வருஷம். நடுவுல புது வெர்ஷனுக்கு மாறணும்னா இன்னொரு 199. அவருக்குச் சந்தா நிஜமாவே மலிவு. இன்னொருத்தருக்கு லைட்ரூம் மட்டும் போதும். 2015 ஏப்ரல்ல வந்த லைட்ரூம் 6 விலை 149 டாலர், அதாவது பதினஞ்சு மாசச் சந்தா. ஏற்கெனவே பழைய வெர்ஷன் வச்சிருந்தா 79 கொடுத்து மாறிக்கலாம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 79 கட்டினவருக்கு மாசத்துக்கு மூணேகால் டாலர்கிட்ட வரும். அவருக்கு 9.99-ங்கிறது மூணு மடங்கு. ஒருத்தர் "சூப்பர் டீல்"னு சொல்றதும் இன்னொருத்தர் "கொள்ளை"ன்னு சொல்றதும் இப்படித்தான். ரெண்டு பேர் சொல்றதும் சரி.

(நம்ம ஊர்ல மூணாவதா ஒருத்தரும் இருந்தார். அவருக்கு போட்டோஷாப்னா நண்பர்கிட்ட வாங்கிக் காப்பி பண்ண சிடி. அந்த நினைப்புல இருந்து பார்த்தா எந்த விலையும் அநியாயமாத்தான் தெரியும். அந்தக் கணக்கை விட்டுடுவோம்.)

சரி, 149 டாலர் கொடுத்து லைட்ரூம் 6 வாங்கினவங்க நிம்மதியா இருந்தாங்களா? 2017 டிசம்பர்ல அதுக்குக் கடைசி அப்டேட் வந்தது. அதுக்கப்புறம் வந்த புது கேமராக்களோட ரா ஃபைலை அது நேரடியா திறக்காது. அடோபியோட இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டர்ல மாத்திட்டுத்தான் திறக்கணும். 2018 நவம்பர் கடைசியோட அதுல இருந்த மேப் வசதியும் நின்னு போச்சு. அது கூகுள் மேப்ஸை நம்பி இருந்தது, அங்க விதி மாறிடுச்சு. 2019-ல மேக் ஓஎஸ் கேட்டலினா வந்தப்போ 32 பிட் புரோகிராம் எதுவும் ஓடாதுன்னு ஆச்சு. லைட்ரூம் 6-ஓட இன்ஸ்டாலர் 32 பிட். புது மேக் வாங்கினவங்க கதை அங்கயே முடிஞ்சது.

நம்ம ஊர் வீட்டுக் கணக்குல சொன்னா, சந்தா வாடகை. ஒரே தடவை வாங்குறதைச் சொந்த வீடுன்னு நினைக்கிறோம். நடைமுறையில அது ஒத்தி. மொத்தமா ஒரு தொகை கொடுத்துட்டு மாசக் கவலை இல்லாம இருக்கலாம், ஆனா ஒருநாள் காலி பண்ண வேண்டி வரும். அந்தத் தேதியை நீங்க முடிவு பண்றதில்ல. கேப்சர் ஒன்லயும் இப்படித்தான். 2023 பிப்ரவரிக்கு அப்புறம் ஒரே தடவை வாங்குற லைசென்ஸ்ல புது வசதிகளுக்கான அப்டேட் சேராதுன்னு மாத்திட்டாங்க. வாங்கின அன்னிக்கு என்ன இருக்கோ அதுதான்.

அதனால வாடகையா ஒத்தியாங்கிற சண்டையில எனக்குப் பெரிய ஆர்வம் இல்ல. நான் கேக்குற கேள்வி வேற. பணம் கட்டுறதை நிறுத்துற அன்னிக்கு என் கையில என்ன மிஞ்சும்?

இதுக்கு லைட்ரூம் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் தெரியணும். நீங்க வெளிச்சம் கூட்டுறீங்க, நிழலைத் தூக்குறீங்க, முகத்துல இருக்குற மஞ்சள் லைட்டைச் சரி பண்றீங்க. இது எதுவும் ரா ஃபைல்ல ஏறாது. ஃபைல் அப்படியே இருக்கும். "இந்தப் படத்துக்கு இவ்வளவு எக்ஸ்போஷர், இந்த இடத்துல க்ராப்"னு ஒரு குறிப்பு மட்டும் கேட்டலாக்ல சேரும். நீங்க திரையில பார்க்குறது அந்தக் குறிப்பைப் படிச்சு லைட்ரூம் வரைஞ்சு காட்டுற படம். அந்தக் குறிப்பை எக்ஸ்எம்பி ஃபைலா வெளியயும் எழுதி வைக்கலாம். ரேட்டிங், கீவேர்டு எல்லாம் மத்த சாஃப்ட்வேருக்கும் புரியும். ஆனா ஸ்லைடர் எண்கள் அப்படி இல்ல. லைட்ரூம்ல ஷேடோஸ் பிளஸ் 40-ன்னா என்னன்னு லைட்ரூமுக்குத்தான் தெரியும். டார்க்டேபிள் அதுல சிலதைப் படிச்சு எடுத்துக்கும், ஆனா அதே படம் வராது.

லைட்ரூம் கிளாசிக்ல சந்தா முடிஞ்சா என்ன ஆகும்? படங்கள் உங்க ஹார்ட் டிஸ்க்லயே இருக்கும். சாஃப்ட்வேரும் திறக்கும். படங்களைப் பார்க்கலாம், ஏற்கெனவே எடிட் பண்ணதை எக்ஸ்போர்ட்டும் பண்ணலாம். டெவலப் மாட்யூலும் மேப் மாட்யூலும் பூட்டிடும். நியாயமா சொன்னா இது மோசம் இல்ல. பூட்டு போட்டாலும் உள்ள இருக்குற சாமானை எடுத்துட்டுப் போக விடுறாங்க. ஆனா எடுத்துட்டுப் போறது உங்க வேலை.

இது ஏன் எனக்கு முக்கியம்? மூணு வருஷம் முன்னாடி எடுத்த ஒரு ரிசப்ஷன். போன ஆவணியில அந்த வீட்டுப் பையன் போன் பண்ணார். "அண்ணா, பாட்டி தவறிட்டாங்க. அன்னிக்கு மேடைக்குக் கீழ உட்கார்ந்து சிரிச்சிட்டிருந்தாங்களே, அந்தப் படம் பெருசா ஃப்ரேம் போடணும். நாளைக்குக் கிடைக்குமா?" அவங்ககிட்ட இருந்தது வாட்ஸ்அப்ல வந்த சின்ன காப்பி. பாட்டியோட அம்பது வருஷத்து போட்டோக்கள்ல அவங்க சிரிச்ச படம் அது ஒண்ணுதான்னு சொன்னார். அந்த ஹால்ல ஊதா லைட். ரா ஃபைலை அப்படியே திறந்தா முகம் நீலமாத்தான் இருக்கும். அன்னிக்கு நான் உட்கார்ந்து சரி பண்ண நிறம் முழுக்க அந்தக் குறிப்புலதான் இருக்கு. திறந்தேன், எக்ஸ்போர்ட் பண்ணேன், ராத்திரியே அனுப்பிட்டேன். மாசச் சந்தாவை நான் எடை போடுறப்போ தட்டோட இன்னொரு பக்கத்துல இந்த மாதிரி போன் கால்தான் இருக்கும்.

விலை விஷயத்துக்கு வருவோம். 2025 ஜனவரியில அந்தப் பழைய 20 ஜிபி போட்டோகிராஃபி திட்டத்தைப் புதுசா வர்றவங்களுக்கு மூடிட்டாங்க. ஏற்கெனவே இருந்தவங்க மாசா மாசம் கட்டினா 14.99. வருஷத்துக்கு மொத்தமா முன்கூட்டியே கட்டினா பழைய 119.88 அப்படியே. கூட்டிப் பாருங்க: 14.99 பெருக்கல் 12, 179.88. ஒரே சாஃப்ட்வேர், ஒரே வருஷம். மொத்தமா கட்ட முடியாதவர் 60 டாலர் கூடக் கட்டுறார். கையில காசு குறைவா இருக்குறவங்களுக்குத்தான் விலை அதிகம். பத்து வருஷத்துக்கு மேல ஏறாத விலை ஏறினதுல எனக்குப் புகார் இல்ல. அதை ஏத்தின விதம்தான் உறுத்துது.

அதோட, மாசச் சந்தான்னு நாம நினைக்கிறது பல நேரம் மாசச் சந்தாவே இல்ல. "வருஷத் திட்டம், மாசத் தவணை"ன்னு ஒண்ணு இருக்கு. அது பன்னிரண்டு மாச ஒப்பந்தம். அடோபியில 14 நாள் தாண்டி ரத்து பண்ணா மீதி மாசங்களுக்கான தொகையில பாதியைக் கேப்பாங்க. இந்தக் கட்டணத்தை வாடிக்கையாளர் கண்ணுல படாம வச்சிருக்காங்கன்னு சொல்லி 2024 ஜூன்ல ஃபெடரல் டிரேட் கமிஷனோட பரிந்துரையில அமெரிக்க அரசு அடோபி மேல வழக்கே போட்டது. அதனால கார்டு நம்பர் போடுறதுக்கு முன்னாடி "ஆனுவல்"ங்கிற வார்த்தை எங்கயாவது இருக்கான்னு பாருங்க.

கல்யாண வேலை பார்க்குறவங்களுக்கு இது ரொம்பவே கடிக்கும். ஆடியில வேலை இல்ல, மார்கழியில இல்ல, புரட்டாசியில நிறைய பேர் வைக்கிறதில்ல. வருமானம் ஒன்பது மாசம், தவணை பன்னிரண்டு மாசம். ஆடியில நிறுத்திட்டு ஆவணியில திரும்பிக்கலாம்னு நினைச்சா, வருஷ ஒப்பந்தம் அதுக்கு விடாது.

நம்ம ஊர்ல ஒரு நல்ல விஷயம். 2021 அக்டோபர்ல இருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆட்டோ டெபிட் எடுக்குறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே உங்களுக்குத் தகவல் வந்தாகணும். அந்த மெசேஜை ஸ்வைப் பண்ணித் தள்ளாதீங்க. ஆனா பேங்க்ல மேண்டேட்டை நிறுத்துறதும் கம்பெனியில சந்தாவை ரத்து பண்றதும் வேற வேற. ரெண்டையும் பண்ணணும்.

வேற வழி என்ன இருக்கு? அஃபினிட்டி. இங்கிலாந்துல சீரிஃப்னு ஒரு கம்பெனி பண்ணது, ஒரே தடவை வாங்குற விலை, சந்தாவை வெறுத்தவங்களோட செல்லப் பிள்ளை. 2024 மார்ச்ல கேன்வா வாங்கிட்டாங்க. 2025 அக்டோபர் கடைசியில இலவசமாவே கொடுத்துட்டாங்க. கேன்வா கணக்கு இருந்தா போதும், ஏஐ வசதிகளுக்கு மட்டும் கேன்வாவோட காசு கட்டுற திட்டம் வேணும். படிக்கிற பசங்களுக்கு இதைத் தாராளமா சொல்வேன். பிஎஸ்டி ஃபைலும் திறக்கும். ஆனா ஆல்பம் வேலை பண்றவங்க கவனிக்கணும். டிசைனர்கிட்ட இருந்து வர்ற 12-க்கு 36 ஷீட் எல்லாம் போட்டோஷாப்ல செஞ்ச லேயர்கள். வேற சாஃப்ட்வேர்ல திறக்குறப்போ எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கும்னு நம்பி லேபுக்கு அனுப்பாதீங்க. அதோட, இலவசம்ங்கிறதும் ஒரு விலைதான், அதுவும் நாளைக்கு மாறலாம்.

டார்க்டேபிள், ரா தெரபி, ஜிம்ப், இதுக்கெல்லாம் விலையை ஏத்த ஒரு கம்பெனியே கிடையாது. அதுக்குப் பதிலா நேரத்தைக் கேக்கும். டார்க்டேபிள் எனக்குப் பழக ரெண்டு மாசம் ஆச்சு, இன்னமும் அதுல ஒரு கல்யாணத்தை முடிக்கிற வேகம் வரல. ஊர் சுத்துறப்போ எடுத்த என் சொந்தப் படங்கள் எல்லாம் இப்போ அதுலதான்.

என் கணக்கு இது. பழைய திட்டம், வருஷத்துக்கு 119.88, இருபது கல்யாணம். ஒண்ணுக்கு ஆறு டாலர், நம்ம காசுக்கு 500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. அசிஸ்டென்ட்டோட ஒரு நாள் சாப்பாடும் பெட்ரோலும் அதுல வராது. நான் கட்டுவேன். அதே தொகையை வருஷத்துக்கு ரெண்டு தடவை கொடைக்கானல் போற ஒருத்தர் கட்டினா, ஒரு பயணத்துக்கு 60 டாலர், அஞ்சாயிரத்துக்கு மேல. அதுக்கு இன்னொரு தடவை கொடைக்கானலே போயிட்டு வரலாம்.

கட்டுறவங்க ஒரு வேலை கூடவே பண்ணுங்க. ஒவ்வொரு கல்யாணமும் முடிஞ்சதும், கொடுத்த படங்கள் எல்லாத்தையும் முழு அளவு ஜேபெக்கா ஒரு தனி டிஸ்க்ல போடுங்க. முக்கியமான இருபது முப்பதை டிஃப்பாவும் எடுங்க. கேட்டலாக் செட்டிங்ஸ்ல எக்ஸ்எம்பி தானா எழுதுற ஆப்ஷனை ஆன் பண்ணுங்க. எனக்கு மார்கழிதான் அதுக்கு மாசம், எப்படியும் வேலை இருக்காது. அதை முடிச்சிட்டா அடுத்த வருஷச் சந்தாவைப் புதுப்பிக்கணுமா வேணாமான்னு பயம் இல்லாம உட்கார்ந்து யோசிக்கலாம்.

கடைசியா ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, இப்பதான் முதல் கேமரா வாங்கினேன், செகண்ட் ஹேண்ட். எதுல ஆரம்பிக்கட்டும்?" தம்பி, ராவுல எடு. ஆறு மாசத்துக்கு எதுக்கும் காசு கட்டாத. இலவசமா இருக்குறதுல ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கோ. யாராவது உனக்குக் காசு கொடுத்து ஒரு வேலை சொன்னா, அப்போ எனக்கு மறுபடியும் எழுது, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அடுத்த வாரம் ஹார்ட் டிஸ்க் பேக்கப் பத்திப் பேசுவோம்.