மைதானம் இருந்தால்தான் முரளி வருவார்

(கொழும்பு கொட்டாஞ்சேனையில், தலைநகரில் வேலை செய்யும் தோட்டத்து இளைஞர்கள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளில் நிற்கும் நம் பிள்ளைகள், முத்தையா முரளிதரன் பெயரைக் கேட்டால் நெஞ்சை நிமிர்த்துகிறார்கள். நியாயமான பெருமைதான். அவருடைய தாத்தா பெரியசாமி சின்னசாமி 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். நம் பாட்டன் பூட்டன் வந்த அதே வழி. அவர் பேரன் டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட் எடுத்தார். உலகில் வேறு எவரும் அதை எட்டவில்லை.

ஆனால் ஒன்றை நாம் மறக்கக்கூடாது. முரளி லயக் காம்பராவில் வளரவில்லை. தகப்பனார் கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். மகன் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தார். அங்கே மைதானம் இருந்தது. சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்சியாளர் இருந்தார். வேகப்பந்து போட்டுக்கொண்டிருந்த பையனை 14 வயதில் சுழற்பந்துக்குத் திருப்பியவர் அவர்தான். பிறகு கொழும்பில் தமிழ் யூனியன் கழகம் இடம் கொடுத்தது. பொரளையில் உள்ள சரவணமுத்து மைதானம் அந்தக் கழகத்தின் வீடு. 1992இல் கெத்தாராம மைதானத்தில் முதல் டெஸ்ட் ஆடினார். உள்ளூர் முதல்தரப் போட்டிகளிலும் 46 ஆட்டங்களில் 234 விக்கெட் எடுத்தார்.

திறமை அவருடையது. அது வெளியே வர வழி திறந்தது பள்ளிக்கூடமும் கழகமும்.

'தோட்டத்தில் அதெல்லாம் நடக்குமா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு தோட்டத்தின் கதை சொல்கிறோம். மேற்கிந்திய அணிக்கு வீரர்களை அனுப்பும் கயானாவில் போர்ட் மூரன்ட் என்ற கரும்புத் தோட்டம் இருக்கிறது. கப்பலேற்றிக் கொண்டுபோன இந்தியத் தொழிலாளர்கள் பாடுபட்ட மண். 1954இல் புகழ்பெற்ற வீரர் கிளைட் வால்கொட், கரும்புத் தோட்டங்களில் கிரிக்கெட்டை வளர்க்கும் வேலைக்குக் கயானா வந்தார். போர்ட் மூரன்டில் பிறந்த ரோஹன் கன்ஹாய், பேசில் புட்சர், ஜோ சொலமன் மூவரும் 1959 புத்தாண்டை ஒட்டி கல்கத்தா டெஸ்டில் ஒன்றாக ஆடினார்கள். கன்ஹாய் 256, புட்சர் 103, சொலமன் ஆட்டமிழக்காமல் 69. மூன்று பேரும் ஒரே தோட்டத்துப் பிள்ளைகள்!

நம் மலைகளில் மட்டமான நிலம் கிடைப்பது அரிது. கிடைத்த இடத்தில் ஃபெக்டரியும் துரை பங்களாவும் நிற்கின்றன. பிள்ளைகள் பெரட்டுக்களத்திலும் ரோட்டிலும் பந்து போடுகிறார்கள். பந்து கொழுந்து மலைக்குள் விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

ஆகவே தோழர்களே, நாட்சம்பளம் கேட்கும் அதே வாயால் இவற்றையும் கேட்போம்: ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மைதானம், தோட்டப் பாடசாலைக்கு விளையாட்டு ஆசிரியர், தெரிவாகும் பிள்ளைக்கு பஸ் காசும் தங்குமிடமும். பையன்களுக்கு மட்டுமல்ல, பெண் பிள்ளைகளுக்கும்தான்.

தோட்டத் தலைவர்மார் அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொண்டுபோக வேண்டும். கொழும்பில் உள்ள நீங்கள், ஊரிலிருந்து பயிற்சிக்கு வரும் பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறும் படுக்க இடமும் கொடுங்கள். மீதியைச் சங்கமாக நின்று வாங்குவோம்.